கொண்டுபோன கோபம்

நாற்பது நாள் பூட்டிக் கிடந்த தறிக்குடோனுக்கு
பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்
கரண்டு பில் வந்திருந்தது.
ஓடாத தறி இத்தனை குடிக்குமா என்றாள் மனைவி.
அதைத்தான் கேட்கப் போகிறேன் என்று
வண்டியை உதைத்தேன்.

காரணம்பேட்டை தாண்டும்போதே
முதல் வாக்கியம் தயார்.
சாமளாபுரம் குளத்தோரம் எதிர்க்காற்றிடம்
அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
நொய்யல் பாலத்தில் சாயநுரை கண்ணில் பட்டதும்
ஒரு வசவு தானாக வந்து ஒட்டிக்கொண்டது.
சோமனூர் போய்ச் சேர்ந்தபோது
பதிமூன்று வாக்கியங்கள் இருந்தன,
ஒன்றைவிட ஒன்று கூர்மையாக.
அவை பலிக்காவிட்டால் என்று
சட்டையின் உள்பையில் இரண்டு ஐந்நூறுகள்
நான்காக மடிந்து வியர்த்துக்கொண்டிருந்தன.

மின்வாரிய ஆபீஸ் நான் நினைத்தபடியே இருந்தது.
மூலையில் எரிந்த மீட்டர்களின் குவியல்.
ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற இடத்தில்
ஓடாத மின்விசிறி.
காலண்டரில் போன மாதம்.
நிம்மதியாயிற்று.
கோபம் வீண் போகாது.

"உக்காருங்க" என்றார் ஒரு பெண்.
நான் நின்றேன். நிற்பதுதான் திட்டம்.
"அதுல வேண்டாங்க, அது கால் ஆடும். இதுல உக்காருங்க."
நவமணி என்றது மேசைமேல் பலகை.
பில்லை வாங்கிக் கண்ணாடியை இறக்கினார்.
நான் முதல் வாக்கியத்துக்கு வாய் திறந்தேன்.
"சித்தெ இருங்க" என்றார்.

அந்தச் சொல்லை நான் அறிவேன்.
வீட்டில் அதற்கு இரண்டு நிமிடம்.
சர்க்கார் மேசைக்குப் பின்னாலிருந்து வந்தால்
அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம்,
அப்புறம் சார் லீவு.

அவரோ போனை எடுத்தார்.
"சென்னியப்பா, காரணம்பேட்டைல தான இருக்கறே?
அந்தப் பூட்டுன குடோன்ல
நடுவால இருக்கறது எட்டா, மூணா?
நீயே கண்ணுல பாத்துட்டுச் சொல்லு."
பிளாஸ்கைத் திறந்தார்.
மூடியில் எனக்கு ஊற்றிவிட்டு
டம்ளரில் தனக்கு ஊற்றிக்கொண்டார்.
சுக்கு தூக்கலான டீ.
ஆறுவதற்குள் போன் அடித்தது.
"மூணுதானுங்க்கா. சிலந்தி வலை கட்டி
எட்டாட்டத் தெரியுது."

"தப்பு எங்களுதுங்க" என்றார் நவமணி,
சாமியறையில் சொல்வது போலல்ல,
மணி என்ன என்றால் சொல்வது போல.
பழைய தொகையை அடித்து,
ஆயிரத்து நூற்று நாற்பது என்று எழுதி,
முத்திரை குத்தி,
மை காய ஊதிக் கொடுத்தார்.

என் கை பழக்கத்தில் உள்பைக்குப் போய்விட்டது.
அவர் அதைப் பார்த்தார்.
"ஐந்நூறுக்கு இங்க எங்கயும் சில்லறை கெடைக்காதுங்க,
பத்திரமா வெச்சுக்குங்க" என்று
அடுத்த ஆளின் பில்லுக்குக் கை நீட்டினார்.

வெளியே வெயில்.
வாசலில் வண்டி.
பதிமூன்றும் அப்படியே என்னோடு வந்தன.
குளத்தோரம் இளநீர்க்காரர்
பத்து ரூபாய் மீதி இல்லை என்றதும்
ஐந்து வாக்கியங்களை அவர் தலையில் கொட்டிவிட்டேன்.
நுரை, வசவு எல்லாம் சேர்த்து.
அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.
வழுக்கையைச் சுரண்டி, மட்டைச் சீவலோடு நீட்டினார்.
"எந்த ஆபீஸ்லீங்க இத்தன நேரம் நிக்க வெச்சாங்க?"
யாரும் நிற்க வைக்கவில்லை என்றேன்.
நம்பாத முகத்தோடு
இன்னொரு சீவல் கொடுத்தார்.
அது தொண்டையில் இறங்க
நேரமாயிற்று.

வீட்டில் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.
துவைக்க எடுத்தவள் உள்பையைத் துழாவினாள்.
இரண்டு ஐந்நூறுகள்,
மடிப்புக் கலையாமல்.
அவற்றை விரித்துப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.

"அப்ப, போன காரியம் ஆகலீங்களா?"